தங்கத்தின் விலை வரலாற்றை வைத்து முதலீட்டுக் கணக்குப் போடுவது எப்படி?

'1964-இல் 10 கிராம் தங்கம் 63 ரூபாய்' என்று தொடங்கும் பட்டியல் ஒன்று ஒவ்வோர் அட்சய திருதியைக்கும் கைபேசிகளில் சுற்றி வருகிறது. அடியில் இன்றைய விலை இருக்கும். நடுவில் உள்ள ஆண்டுகள் எல்லாம் ஒரே சீராக ஏறியது போல ஒரு மயக்கம் பார்ப்பவருக்கு வந்துவிடும். பட்டியலில் உள்ள எண்கள் பெரும்பாலும் சரியானவைதான். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இனியும் இதே வேகம்தான் என்று நம்புவதில்தான் பிழை.

1990-91-இல் தங்கம் வாங்கியவர் பத்து ஆண்டு கழித்து விலைவாசியோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், தன் பணத்தின் வாங்கும் திறனில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கரைந்திருப்பதைக் கண்டிருப்பார். 2012-13-இல் வாங்கியவர் ஆறு ஆண்டு காத்திருந்தும் ஏறக்குறைய வாங்கிய விலையிலேயே நின்றார். இடைப்பட்ட 2000-01 முதல் 2012-13 வரையிலோ விலை கிட்டத்தட்ட 6.7 மடங்கானது. எந்தக் காலத்தில் எது விலையை ஏற்றியது, எது இறக்கியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியாது. அதற்கான கணக்கை ஒரு நோட்டும் கால்குலேட்டரும் கொண்டே போட்டுவிடலாம்.

முதலில் எண்களைச் சரியாக எடுங்கள்

இந்திய விலைக்கு நம்பத்தக்க நீண்ட வரிசை, ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் இந்தியப் பொருளாதாரப் புள்ளிவிவரக் கையேட்டில் இருக்கிறது. அதில் உள்ளது மும்பைச் சந்தையின் 10 கிராம் விலை; நிதியாண்டு சராசரி. உலக விலைக்கு லண்டன் ஏல விலையை எடுக்க வேண்டும். லண்டன் நேரப்படி காலை 10.30-க்கும் பிற்பகல் 3 மணிக்கும் நாளுக்கு இருமுறை அது நிர்ணயமாகிறது. உலகத் தங்க கவுன்சிலின் தளத்திலும் பல நாணயங்களில் பழைய விலைகள் கிடைக்கும். அங்கே ரூபாயில் காட்டப்படுவது லண்டன் விலையை அன்றைய மாற்று விகிதத்தில் மாற்றிய எண். நம் நாட்டு இறக்குமதி வரி அதில் சேராது. கடை விலையோடு அதை நேராக ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

வேறு சில இடங்களிலும் கால் இடறும். லண்டன் சந்தையின் அவுன்ஸ் 31.1035 கிராம், சமையல் பொருட்களுக்குச் சொல்லும் அவுன்ஸ் 28.35 கிராம்தான். இரண்டையும் குழப்பினால் பத்து சதவீதம் தவறும். பழைய வடநாட்டு விலைகள் தோலாவில் இருக்கும். ஒரு தோலா 11.664 கிராம். நம் ஊர்ச் சவரன் 8 கிராம், ஆனால் பிரிட்டிஷ் சவரன் காசின் எடை 7.988 கிராம். வீட்டில் அந்தக் காசு இருந்தால் அதில் உள்ள சுத்தத் தங்கம் சுமார் 7.32 கிராம்.

அடுத்தது தரம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் தலைப்பில் போடும் சவரன் விலை 22 காரட்டுக்கு உரியது. ரிசர்வ் வங்கி வரிசையும் பொருள் சந்தை விலைகளும் சுத்தத் தங்கத்துக்கு உரியவை. 1990-க்குச் சுத்தத் தங்க விலையையும் இன்றைக்கு 22 காரட் விலையையும் எடுத்துக்கொண்டால் லாபத்தில் எட்டு சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். மாற்றி எடுத்தால் இல்லாத லாபம் முளைக்கும். நிதியாண்டு எண்ணோடு காலண்டர் ஆண்டு எண்ணைக் கலப்பதும் அப்படித்தான். விலை வேகமாக ஓடிய 1979, 1980 போன்ற ஆண்டுகளில் இந்தக் கலப்பு மட்டுமே பெரிய வேறுபாட்டைக் காட்டும்.

ரூபாய் விலையைப் பிரிக்கும் சூத்திரம்

இந்தியாவில் தங்கம் பெரும்பாலும் இறக்குமதிதான். அதனால் ஒரு கிராம் விலை இப்படி அமையும்: அவுன்ஸின் டாலர் விலையை 31.1035-ஆல் வகுக்கவும், ஒரு டாலருக்கான ரூபாயால் பெருக்கவும், இறக்குமதி வரியைச் சேர்க்கவும். இது சுத்தத் தங்கத்தின் விலை. 22 காரட்டுக்கு 0.916-ஆல் பெருக்கி, சவரனுக்கு எட்டால் பெருக்கினால் போதும்.

போட்டுப் பார்ப்போம். 2025 மார்ச் நடுவில் அவுன்ஸ் முதல்முறையாக 3,000 டாலரைத் தொட்டது. டாலர் 87 ரூபாயை ஒட்டி இருந்தது, வரி 6%.

3,000 ÷ 31.1035 = 96.45 டாலர்
96.45 × 87 = 8,391 ரூபாய்
8,391 × 1.06 = 8,895 ரூபாய் (சுத்தத் தங்கம், ஒரு கிராம்)
8,895 × 0.916 × 8 = சுமார் 65,180 ரூபாய் (22 காரட், ஒரு சவரன்)

அந்த வாரம் சென்னையில் சவரன் 66 ஆயிரத்தை ஒட்டி விற்றது. ஒன்றிரண்டு சதவீத இடைவெளி இயல்பு. வங்கிகள் வைக்கும் கட்டணம், உள்ளூர்த் தேவை, வியாபாரிகளின் இருப்பு எல்லாம் அதில் அடங்கும். வித்தியாசம் நாலைந்து சதவீதத்தைத் தாண்டினால் முதலில் வரி மாறிவிட்டதா என்று பாருங்கள். அடுத்து, நீங்கள் எடுத்த டாலர் விலையும் கடைப் பலகை விலையும் ஒரே நாளுக்குரியவைதானா என்று பாருங்கள்.

ஆக, தங்கம் வாங்குபவர் கையில் எடுப்பது மூன்று பந்தயங்களை: உலகச் சந்தையில் தங்கம், டாலருக்கு எதிரான ரூபாய், டெல்லி போடும் வரி. இவை மூன்றும் ஒரே திசையில் நகர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2012-13-க்கும் 2015-16-க்கும் இடைப்பட்ட காலம் இதற்குச் சிறந்த பாடம். டாலரில் தங்கத்தின் ஆண்டுச் சராசரி சுமார் 30% விழுந்தது. மும்பை விலை 30,150-இலிருந்து 26,500-க்குத்தான் இறங்கியது, அதாவது 12%. மிச்சம் எங்கே போனது? டாலர் 54 ரூபாயிலிருந்து 65-க்கு ஏறி இருபது சதவீதத்தைத் தாங்கிப் பிடித்தது. 2012 ஜனவரியில் 2% ஆன வரி, மார்ச்சில் 4, 2013 ஜனவரியில் 6, ஜூனில் 8, ஆகஸ்டில் 10 என்று ஏறி இன்னும் ஐந்து சதவீதத்தைச் சேர்த்தது. 0.695 × 1.204 × 1.05 என்று பெருக்கினால் 0.879 வருகிறது, நடந்ததும் அதுவே.

வரி எதிர்த்திசையிலும் திரும்பும். 2022 ஜூலையில் 15% ஆன வரி, 2024 ஜூலை பட்ஜெட்டில் 6% ஆனது. மற்றவை மாறாமல் இருந்தால் இந்த ஒரே அறிவிப்பு விலையை 7.8% குறைக்க வேண்டும். முந்தின வாரம் வாங்கியவருக்கு உலகச் சந்தையில் எதுவும் நடக்காமலே நஷ்டம். வரி உச்சத்தில் இருக்கும்போது மொத்தமாக வாங்குவதில் இந்த ஆபத்து எப்போதும் ஒளிந்திருக்கிறது.

டாலர் விலையின் காலகட்டங்கள்

1971-க்கு முந்தைய எண்களை முதலீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சந்தை விலையே அல்ல. அமெரிக்கா 1934-இல் அவுன்ஸை 20.67 டாலரிலிருந்து 35 டாலருக்கு உயர்த்திக் கட்டியது; இரண்டாம் உலகப் போரின் முடிவில் வந்த பிரெட்டன் உட்ஸ் என்ற உலக நாணய ஏற்பாடு அதே விலையில் உலக நாணயங்களைக் கோத்தது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலரைத் தங்கமாக மாற்றித் தரும் வசதியை நிறுத்தினார். அதன் பிறகுதான் விலை விடுதலையானது. 1964-இலிருந்து கணக்கிடுபவர்கள் கூட்டு வளர்ச்சியாகக் காட்டுவதில் பெரும்பங்கு, கட்டி வைத்திருந்த விலை அவிழ்ந்ததால் ஒரே முறை வந்த பாய்ச்சல். அது மீண்டும் நடக்காது.

1980 ஜனவரி 21 அன்று லண்டன் விலை 850 டாலர். எண்ணெய் நெருக்கடி, ஈரானில் பணயக்கைதிகள், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை, அமெரிக்காவில் இரட்டை இலக்க விலைவாசி ஏற்றம் எல்லாம் ஒன்றுகூடிய நேரம். அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் வோல்க்கர் வட்டியை 20% வரை ஏற்றினார். 1982 ஜூனில் தங்கம் 300 டாலருக்கும் கீழே. அந்த 850 டாலரை அமெரிக்க விலைவாசியோடு சரிக்கட்டிப் பார்த்தால், அதே மதிப்பைத் தங்கம் மீண்டும் தாண்டியது 2025-இல்தான். உச்சியில் மொத்தப் பணத்தையும் போட்டவருக்கு நாற்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு. தங்கம் ஒருபோதும் ஏமாற்றாது என்று சொல்பவர்களிடம் இந்த ஒரு எண்ணைக் காட்டினால் போதும்.

1990-களில் மத்திய வங்கிகளே விற்றன. 1999 மே மாதம் பிரிட்டன் தன் கையிருப்பில் பாதிக்கு மேல் விற்கப்போவதாக அறிவித்தது. 2002-க்குள் சுமார் 395 டன், சராசரி 275 டாலருக்கு. அறிவிப்பு வந்த ஆண்டிலேயே விலை 253 டாலர் வரை சரிந்தது. அந்தச் செப்டம்பரில் 15 ஐரோப்பிய மத்திய வங்கிகள் கூடி, ஆண்டுக்கு 400 டன்னுக்கு மேல் விற்பதில்லை என்று வாஷிங்டனில் ஒப்பந்தம் செய்ததும் சரிவு நின்றது. விற்பவர் யார், எவ்வளவு என்று தெரிந்தாலே சந்தை அடங்கிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

2001-இலிருந்து 2011 வரை நீண்ட ஏற்றம். 2008 மார்ச்சில் 1,000 டாலர். 2011 செப்டம்பரில் 1,900-ஐ ஒட்டிய உச்சம். நடுவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2008 அக்டோபர், நவம்பரில் உலகப் பங்குச் சந்தைகள் நொறுங்கியபோது தங்கமும் 720 டாலர் அருகே இறங்கியது. எல்லோருக்கும் ரொக்கம் தேவைப்பட்டால் விற்கக்கூடிய எதையும் விற்பார்கள், தங்கத்தையும்தான். இந்தியரை ரூபாயின் வீழ்ச்சி பெரிதும் காப்பாற்றியது. 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாட்களில் 13% அளவுக்கு விழுந்தது. 2015 டிசம்பரில் 1,050 டாலர்.

இந்த ஏற்ற இறக்கங்களுக்கு அடியில் ஓடுவது உண்மை வட்டி: அமெரிக்க வட்டியிலிருந்து எதிர்பார்க்கும் விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவது. தங்கம் வட்டி தராத பொருள். அரசுப் பத்திரம் விலைவாசிக்கு மேல் இரண்டு, மூன்று சதவீதம் தரும்போது தங்கத்தை வைத்திருப்பது இழப்பாகத் தெரியும். உண்மை வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த இழப்பே இருக்காது.

2022-க்குப் பிறகு இந்த விதி மட்டும் போதவில்லை. அமெரிக்க வட்டி பூஜ்யத்திலிருந்து ஐந்தைத் தாண்டியும் தங்கம் விழவில்லை. உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கையிருப்பு முடக்கப்பட்டதைப் பார்த்த பல நாடுகள், யாரும் முடக்க முடியாத கையிருப்பைத் தேடின. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கின. உலகச் சுரங்கங்களின் ஆண்டு உற்பத்தியே சுமார் 3,600 டன்தான் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். 2025 அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே இன்றைக்குக் கவனிக்க வேண்டியவை இரண்டு: அமெரிக்க உண்மை வட்டியும், மத்திய வங்கிகளின் காலாண்டுக் கொள்முதலும். 1990-களில் விற்ற மத்திய வங்கிகள் 2020-களில் வாங்குகின்றன. மறுபடியும் விற்க மாட்டார்கள் என்று யாரும் எழுதித் தரவில்லை.

ரூபாய் வரிசையும் கள்ளக்கடத்தல் விலையும்

மும்பை 10 கிராம் விலை, நிதியாண்டுச் சராசரி, முழுமையாக்கிய எண்கள்:

1980-81: 1,500
1990-91: 3,450
2000-01: 4,475
2010-11: 19,200
2020-21: 48,700

பத்தாண்டு வாரியாக ஆண்டுக் கூட்டு வளர்ச்சி முறையே 8.7%, 2.6%, 15.7%, 9.7%. நாற்பது ஆண்டுக்கும் சேர்த்து 9%-க்குச் சற்று மேல்.

1990-களின் 2.6% பலரையும் திகைக்க வைக்கும். டாலர் 18 ரூபாயிலிருந்து 45-க்கு மேல் ஏறிய பத்தாண்டு அது. ரூபாய் அவ்வளவு விழுந்தும் தங்கம் ஏன் ஏறவில்லை? டாலர் விலை இறங்கியது ஒரு காரணம். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. 1990-91-இல் லண்டன் விலையை ரூபாயாக்கினால் 10 கிராம் சுமார் 2,170 ரூபாய், மும்பையில் 3,450. அறுபது சதவீதம் அதிகம். 1963-இல் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த கட்டுப்பாடும் 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் முறையான வரத்தை அடைத்திருந்தன; அந்தக் கூடுதல் விலையைச் சம்பாதித்தது கடத்தல். 1990-இல் சட்டம் நீங்கியது. 1992-இல் வெளிநாடுவாழ் இந்தியர் வரி கட்டி 5 கிலோ வரை கொண்டுவர அனுமதி வந்தது. 1997-இல் வங்கிகள் தாராளமாக இறக்குமதி செய்யத் தொடங்கின. அந்த அறுபது சதவீதம் படிப்படியாக வடிந்தது. வாங்கியவர் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கத்துக்கானதே அல்ல.

அதே பத்தாண்டில் நுகர்வோர் விலைக்குறியீடு சுமார் 2.3 மடங்கானது; தங்கம் 1.3 மடங்கு. வங்கி வைப்புநிதி அப்போது பத்து, பன்னிரண்டு சதவீதம் தந்துகொண்டிருந்தது.

இதை உங்கள் கணக்கில் சேர்க்கும் முறை எளிது. எக்செல் தாளில் ஒரு பத்தியில் ஆண்டு, அடுத்ததில் மும்பை விலை, மூன்றாவதில் விலைக்குறியீடு. நான்காவதில், அந்த ஆண்டில் வாங்கி ஏழு ஆண்டு கழித்து விற்றால் வரும் வளர்ச்சி: கடைசி விலையை முதல் விலையால் வகுத்து, ஏழில் ஒன்று என்ற அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கழிக்கவும். ஒவ்வோர் ஆண்டுக்கும் கீழே இழுத்தால் முப்பதுக்கு மேற்பட்ட விடைகள் வரும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழ் கால்பகுதி எவ்வளவு என்று பாருங்கள். மகளின் படிப்புக்கு ஏழு ஆண்டில் பணம் வேண்டும் என்றால் திட்டமிட வேண்டியது அந்தக் கீழ் கால்பகுதி எண்ணை வைத்துத்தான். கடந்த சில ஆண்டுகளின் வேகத்தை அப்படியே நீட்டுவது மிக ஆபத்தான பழக்கம். நீண்டகாலத் திட்டத்துக்கு 7 அல்லது 8 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே நிதானம்.

வாங்கும் வடிவம் லாபத்தை எவ்வளவு தின்கிறது

வரலாற்று விலைகள் எல்லாம் கட்டித் தங்கத்துக்கு. நீங்கள் வாங்குவது நகை என்றால் அந்த வளர்ச்சி உங்களுக்குக் கிடைக்காது. ஒரு சவரன் சங்கிலி, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

தங்கம் 80,000. சேதாரமும் செய்கூலியும் சேர்த்து 15% என்றால் 12,000. இரண்டும் சேர்ந்த 92,000-க்கு 3% ஜி.எஸ்.டி. 2,760. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதற்கான வரியும். மொத்தம் சுமார் 94,810. மறுநாளே ரொக்கத்துக்கு விற்றால், கடைக்காரர் 2% கழித்தால்கூட, கையில் வருவது 78,400. போட்டது திரும்ப வருவதற்கே விலை 21% ஏற வேண்டும். ஆண்டுக்கு 9% ஏறினால் போட்ட பணத்தைச் சரிக்கட்டவே இரண்டேகால் ஆண்டு போய்விடும்.

சேதாரம் பேரம் பேசக்கூடியது. எந்திரத்தில் செய்த எளிய சங்கிலி, வளையலுக்குக் குறைவு; கோயில் நகை வேலைப்பாடு, ஆன்டிக் வகைகளுக்கு இருபதையும் தாண்டும். 'செய்கூலி இல்லை' என்ற விளம்பரத்தில் சேதார சதவீதத்தைக் கேளுங்கள். 'சேதாரம் இல்லை' என்றால் கிராம் விலையை அன்றைய பலகை விலையோடு ஒப்பிடுங்கள். கல் பதித்த நகையில் கல்லின் எடையும் விலையும் பில்லில் தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்குத் தங்க விலை கொடுக்கிறீர்கள். விற்கும்போது அது கழிந்துவிடும்.

நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர அமைப்பு) முத்திரை, 22கே916 போன்ற தரக்குறி, ஆறு எழுத்தெண் கொண்ட எச்.யு.ஐ.டி. (அந்த நகைக்கே உரிய அடையாள எண்) என மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறிலக்க எண் கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணை அடித்தால் நகையின் வகையும் தரமும் வரும். கையில் மோதிரம் இருக்க, செயலி கம்மல் என்று காட்டினால் வாங்காதீர்கள்.

காசு அல்லது பிஸ்கட் என்றால் கூடுதல் செலவு இரண்டிலிருந்து ஐந்து சதவீதம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மூன்று சதவீதம் செய்கூலி என்று எடுத்தால் போட்ட பணம் வர விலை சுமார் 8% ஏற வேண்டும். வங்கியில் காசு வாங்குபவர்கள் அதே வங்கியில் விற்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். வங்கிகள் திரும்ப வாங்குவதில்லை.

நகைச்சீட்டு பதினொரு மாதத்தில் முடிவது தற்செயல் இல்லை. 365 நாளுக்குள் பொருளாக முடியாத முன்பணம் நிறுவனச் சட்டப்படி வைப்புத்தொகை ஆகிவிடும். அந்தப் பணத்துக்கு வைப்புநிதிக் காப்பீடு கிடையாது. கடை மூடினால் வரிசையில் நிற்க வேண்டும். சேர்வதென்றால் கட்டும் மாதத்திலேயே கிராமாக வரவு வைக்கும் சீட்டைத் தேர்ந்தெடுங்கள். பணமாகச் சேர்த்துக் கடைசியில் அன்றைய விலைக்கு நகை தரும் சீட்டில், ஏறும் சந்தையின் பலன் முழுவதும் கடைக்குத்தான்.

கல்யாணத்துக்கு நகையாகவே வேண்டும் என்பவரைத் தவிர, மற்றவர்களுக்குத் தங்க ஈ.டி.எஃப். (பங்குச் சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் தங்க நிதி) குறைந்த செலவுள்ள வழி. 2007-இலிருந்து இந்தியாவில் இருக்கிறது. ஜி.எஸ்.டி., செய்கூலி கிடையாது. டீமேட் கணக்கு வேண்டும். ஆண்டுச் செலவு விகிதத்தைப் பாருங்கள்: 0.7% என்றால் பத்து ஆண்டில் தங்கத்தின் 7% அளவுக்குக் கரையும். வாங்கும்போது சந்தை விலையை அந்த நேரத்து நிகர மதிப்போடு (ஒரு யூனிட்டுக்குப் பின்னால் உள்ள தங்கத்தின் மதிப்பு) ஒப்பிட்டு, விலை வரம்பு வைத்து ஆர்டர் போடுங்கள். பரபரப்பான நாட்களில் யூனிட் நிகர மதிப்புக்கு மேல் விற்கும். அந்தக் கூடுதல் பின்னால் கரைந்து போகும்.

தங்க விலையோடு சேர்ந்து ஏறி, வட்டியும் தந்த அரசின் தங்கப் பத்திரம் இவற்றில் எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்தது. 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு வெளிவந்த முதல் வெளியீடு, 2023 நவம்பரில் 6,132 ரூபாய்க்குத் திரும்பியது, ஆண்டுக்கு 10.9%, அதற்கு மேல் 2.75% வட்டி. 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு புதிதாக வெளியிடவில்லை. பழையவற்றைப் பங்குச் சந்தையில் வாங்கலாம். அப்போது மூன்றைப் பாருங்கள்: முதிர்வுத் தேதி, அன்றைய 999 (சுத்தத்) தங்க விலையோடு ஒப்பிட்ட விலை, நாள் வர்த்தக அளவு. வட்டி கணக்காவது பத்திரத்தின் வெளியீட்டு விலைக்குத்தான், நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல. 4,800-க்கு வெளியான பத்திரத்தை 10,000-க்கு வாங்கினால் 2.5% என்பது உங்களுக்கு 1.2%. முதிர்வில் மூலதன ஆதாய வரி கிடையாது என்ற பழைய பேச்சைச் சந்தையில் வாங்குபவர் அப்படியே நம்ப வேண்டாம். அந்த ஆண்டின் வருமான வரி விதியைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

செயலிகளில் பத்து ரூபாய்க்கு விற்கும் டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. வாங்கும்போது ஜி.எஸ்.டி. உண்டு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி உண்டு. சேமிப்புக்கு இது தேவையில்லை.

எவ்வளவு, எப்போது

பத்து சதவீதம் தங்கத்தில் என்று வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை சரிசெய்வது போதும். பத்து லட்ச ரூபாய்ச் சேமிப்பில் ஒரு லட்சம் தங்கம். தங்கம் ஏறி மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தொட்டால் மிஞ்சியதை விற்று வைப்புநிதியிலோ பங்கிலோ போடுங்கள். 7 சதவீதத்துக்குக் கீழே போனால் வாங்குங்கள். ஏறும்போது விற்கவும் எல்லோரும் சலித்துப்போன காலத்தில் வாங்கவும் இந்த விதி கட்டாயப்படுத்துகிறது. 2013 முதல் 2018 வரை யாருக்கும் தங்கத்தில் ஆர்வம் இல்லாத ஆண்டுகளில் இதைக் கடைப்பிடித்தவருக்கே பின்வந்த ஏற்றம் முழுதாகக் கிடைத்தது. பெட்டகத்தில் உள்ள தாலிக்கொடியையும் பாட்டி வளையலையும் இந்தப் பத்தில் சேர்க்காதீர்கள். விற்க மனம் வராத பொருள் முதலீட்டுக் கணக்கில் இருந்தால் சரிசெய்யும்போது கணக்கு நின்றுவிடும்.

முதல்முறை வாங்குபவர் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதந்தோறும் ஒரே தேதியில் வாங்கலாம். விலை இறங்கட்டும் என்று தேதியைத் தள்ளினால் முறையே குலைந்துவிடும். கடன் வாங்கித் தங்கம் வாங்குவதும், வைத்த நகையின் கடனில் மேலும் தங்கம் வாங்குவதும் கூடவே கூடாது. 2013 ஏப்ரல் போன்ற இரண்டு நாள் போதும், அடகுக்கடையிலிருந்து மார்ஜின் (கூடுதல் ஈடு) கேட்டு அழைப்பு வர.

விற்கும்போது வரி

2024 ஜூலை 23-க்குப் பின் விற்கும் நகை, காசுக்கு 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம், 12.5%, விலைவாசிச் சரிக்கட்டல் இல்லை. ஈ.டி.எஃப்-க்கு 12 மாதம் போதும். அதற்குக் குறைந்தால் உங்கள் வருமான வரி விகிதமே. பழைய நகையைக் கொடுத்துப் புது நகை எடுப்பதும் வரிக் கணக்கில் விற்பனைதான். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பெற்றோர் வழியாக வந்த நகைக்கு அவர்கள் வாங்கிய விலையும் தேதியும் உங்களுடையவையாகும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். அதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் சான்று வாங்கி, எடை, தரம், படம் ஆகியவற்றோடு பழைய பில்லையும் சேர்த்து வைத்துவிடுங்கள். பில் இல்லாத நகைக்கு அடக்கவிலையை நிரூபிக்க முடியாமல் போனால், விற்ற தொகை முழுவதையும் ஆதாயமாகக் கொள்ள வரி அதிகாரிக்கு வழி ஏற்படும்.